கரிசலில் கடல் தேடிய உன் அப்பா

அன்புள்ள செண்பகம்,

இந்தக் கடிதம் வரும்போது நீ ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாயோ, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாயோ தெரியாது. எதுவானாலும் முடித்துவிட்டு உட்கார்ந்து படி. அவசரமாகப் படித்து மடித்து வைக்கிற கடிதமில்லை இது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. வேலையை விடப்போகிறேன், கல்லைக் கையில் எடுத்தாலே அப்பா முகம்தான் வந்து நிற்கிறது என்றாய். "கடைசி வரைக்கும் அப்பா என்னைய ஒத்துக்கிடவே இல்லம்மா" என்று சொல்லி அழுதாய். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நடந்தது வேறு. இத்தனை நாள் உனக்கு எல்லாம் தெரியும் என்றே நான் இருந்துவிட்டேன். எனக்கும் இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடத் தைரியமில்லை. அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். பரவாயில்லை, படி.

உன் அப்பாவை ஊரில் எல்லாரும் கடல் அண்ணாச்சி என்று கூப்பிட்டது உனக்கு விவரம் தெரிந்த பிறகுதான். அதற்கு முன்னால் அவர் வெறும் மோட்டார் கடை அண்ணாச்சி. எட்டயபுரம் ரோட்டில் பம்பு, குழாய், வயர் விற்றுக்கொண்டு, எங்கே போர்வெல் வண்டி வந்து துளை போட்டாலும் அங்கே போய் நிற்பார். வியாபாரத்துக்காகத்தான் போனார். ஆனால் வரும்போது துளையிலிருந்து வெளியே வந்த மண்ணையும் கல்லையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். பிஸ்கட் டின்களில் போட்டு, ஊர்ப் பெயர் எழுதி ஒட்டி, முன்னறை அலமாரி பூராவும் அடுக்கினார். அரிசி டின் வைக்க இடமில்லை என்று நான் சத்தம் போட்டதுகூட உனக்கு நினைவிருக்கும். கரிசலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் கிடக்குமே, விரல் மாதிரியும் கிளை கிளையாகவும், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது பவளப்பாறை மாதிரி இல்ல? பாத்தா உனக்குத் தெரியலையா?" என்று என்னைக் கேட்பார். நான் பவளப்பாறையை எங்கே கண்டேன். ஆமா, அப்படித்தான் இருக்கு என்பேன்.

அவருக்கு ஒரு சந்தேகம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. நம் கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது? கடல் எங்கேயோ தூத்துக்குடியில் கிடக்கிறது, உப்பு இங்கே எப்படி வந்தது? இந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் மிகப் பழையது, இங்கே கடல் இருந்ததற்குத் தடயம் இல்லை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்ததாம். அதை அவர் நம்பவில்லை. மணியாச்சி ஜங்ஷனில் ரயில் மாறும்போது பிளாட்பாரத்தில் மெல்லிசுப் புத்தகங்கள் வாங்குவார். பூமி ஒரு காலத்தில் சின்ன உருண்டையாக இருந்து வீங்கிக்கொண்டே வந்தது என்று ஒன்றில் இருக்கும். பெரிய கண்டமே தண்ணீருக்குள் போய்விட்டது என்று இன்னொன்றில் இருக்கும். எல்லாவற்றையும் படித்துவிட்டு அவராக ஒன்று கட்டினார். பூமி மூச்சு விடுகிறது, ஏறி இறங்குகிறது, கோடி வருசக் கணக்கெல்லாம் தேவையில்லை, நம் முன்னோர் கண் முன்னாலேயே கடல் இங்கேயிருந்து பின்வாங்கியிருக்கிறது, இந்தக் கரிசல் முழுக்கக் கடல் சேறு. கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு வெடிப்புக்குள் காட்டி, காய்ந்த சேறு இப்படித்தானே வெடிக்கும் என்பார். நீயும் தலையை ஆட்டுவாய்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போதுதான் எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் நமக்கிருந்த புஞ்சையில் கிணறு வெட்டினார். ஆள் கழுத்தளவு இறங்கியிருக்கும், மண்வெட்டியில் சிப்பி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு அடுக்கே வந்தது. கூலிக்கு வந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா குழிக்குள் இறங்கிச் சிப்பியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு மேலே என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. கிணறு வெட்டுவதை அத்தோடு நிறுத்திவிட்டார். மேலே கீற்று போட்டார். தண்ணீர் வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும் என்றார்.

அந்தக் குழியைப் பார்க்க எவ்வளவு பேர் வந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களைக்கூட யாரோ கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடங்களில் அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை மிகவும் கெஞ்சிக் கூட்டிவந்தார். வந்தவர் காரை விட்டு இறங்கவில்லை. மழை பெய்து கரிசல் காலில் ஒட்டும் என்று கண்ணாடியை மட்டும் இறக்கி, அப்பா நீட்டிய சிப்பியைப் பார்த்துவிட்டு, இங்கே கடல் வந்ததில்லை, வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்றார். அப்பா கேட்டார், "இமயமலையில சிப்பி கிடந்தா அங்கன கடல் இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுதீங்க. எம் புஞ்சையில கிடந்தா மட்டும் இல்லங்கீங்க. இறங்கி ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் போய்விட்டது. நீ அப்பா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்ததும், நான் பூமியைப் பற்றிப் படிக்கப்போகிறேன், அப்பா சொல்வதை நிரூபிக்கிறேன் என்று சொன்னது நீதான். பொம்பளைப் பிள்ளைக்குக் கல்லையும் மண்ணையும் பற்றி என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்பா யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. உன்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "எனக்கு இனிமே கவலையில்ல" என்றார்.

அந்தப் படிப்பு உன்னை எங்கே கொண்டுபோகும் என்று அவருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

கடைசி வருசம் லீவில் வந்து நீ அந்தக் குழியில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாய். சிப்பியைப் பக்கெட்டுத் தண்ணீரில் அலசினாய். அலசிய தண்ணீர் கறுப்பாக வந்ததை எனக்குக் காட்டினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து அப்பா கை கழுவி வந்த பிறகு, மெதுவாக, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். எல்லாச் சிப்பியும் ஒரே ஜாதி, ஏறக்குறைய ஒரே அளவு. கடல் தரையென்றால் குஞ்சும் குளுவானுமாகப் பலதும் கலந்து கிடக்கும். இடையில் இருப்பது கரி. இது யாரோ சுண்ணாம்பு சுடுவதற்காகக் கடற்கரையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கொட்டியது. சுக்காங்கல் பவளப்பாறை இல்லை, மழைத்தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே இறுகி அப்படி ஆகிறது. நீ பேசி முடிக்கிற வரைக்கும் அப்பா குறுக்கே பேசவில்லை. கடைசியில், "கண்ணால பாத்ததத்தான சொல்லுத?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றாய். "அப்ப லைப்ரரி வாசகர் கூட்டத்துல, ஊர் முன்னால வந்து சொல்லு. எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி" என்றார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ இன்றைக்கு வரைக்கும் உன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே பின்வரிசையில் இருந்தேனே. நீ ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை, மரியாதைக் குறைவாகவும் சொல்லவில்லை. எங்கள் படிப்பிலும் எல்லாவற்றுக்கும் பதில் இல்லை, அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்றுகூடச் சொன்னாய். அதை யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தர், "அப்ப நம்ம அண்ணாச்சி இனிமே சுண்ணாம்பு அண்ணாச்சியா?" என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. நீ மேடையில் நின்று அதைப் பார்த்தாய். அந்தச் சிரிப்பைச் சிரித்தது ஊர்க்காரர்கள் செண்பகம், நீ இல்லை. உண்மையைச் சொன்னவளுக்கும் அதைக் கேட்டுச் சிரித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் உன் அப்பாவுக்குத் தெரியும். உனக்கும் தெரியவேண்டும்.

மறுநாள் நீ போய்விட்டாய். அதற்கப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் "சாப்பிட்டியா", "மழை பெஞ்சுதா" என்ற பேச்சு மட்டும்தான். உனக்கு நாக்பூரில் பூமியை ஆராய்கிற ஆபீசில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கல்யாணத்தில் எல்லாச் சடங்கையும் குறையில்லாமல் செய்தார். உன் பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் பேச்சில்லாமல் ஆகிவிடுவார். கோபம் என்று நீ எடுத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்தேன்.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. நீ நாக்பூர் போன அடுத்த கோடையில், ஒரு நாள் காலையில் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு புஞ்சைக்குப் போனார். குழிக்குள் இறங்கி, யாரையும் கூப்பிடாமல் அவரே பக்கவாட்டில் தோண்ட ஆரம்பித்தார். உன்னைத் தப்பென்று காட்டத்தான் தோண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வேலிமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். தினமும் போனோம். சிப்பி அடுக்கு ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் சுட்டுச் செவந்த மண், வட்டமாக, அடுப்புத் தரை மாதிரி. பாதி வெந்த சிப்பிகள் அதில் ஒட்டிக் கிடந்தன. அப்பா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்து, பக்கத்துக் கண்மாய்க் கரைக்கு நடந்தார். பழைய மடை இடிந்து கிடக்குமே அங்கே. நானும் பின்னாலேயே போனேன். மடைச் சுவரின் சுண்ணாம்புக் காரையைச் சாவியால் சுரண்டினார். உள்ளே வேகாத சிப்பித் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. நம் புஞ்சையில் சுட்ட சுண்ணாம்பில்தான் அந்த மடையைக் கட்டியிருக்கிறார்கள். எத்தனையோ வருசமாக அந்த மடைமேல் உட்கார்ந்துதான் அவர் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அவ இதப் பாக்காமலே சொல்லிட்டா பாத்தியா. பக்கெட்டுத் தண்ணிய வச்சே சொல்லிட்டா" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. தோற்றுப்போனதற்காக அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவினேன். உன்னைப் பற்றிய பெருமையும் அதில் இருந்தது. ஆனால் இத்தனை வருசம் அவர் பார்த்துக்கொண்டிருந்த கடல் அன்றைக்குத்தான் அவரை விட்டுப் போனது. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து டின்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துத் திரும்ப அடுக்கினார். அவர் கை அன்று மிகவும் மெதுவாக ஓடியது.

உனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். "போன்ல சொல்லுத விசயமா இது? பொங்கலுக்கு வரட்டும். குழியக் காட்டி, மடையக் காட்டி, நேர்ல சொல்லுதேன்" என்றார். மடையிலிருந்து சிப்பி பதிந்த காரைத் துண்டு ஒன்றை உடைத்து உனக்காக எடுத்துவைத்தார். நீயாகச் சொல்லிவிடாதே, என் வாயால் சொல்லவேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பொங்கலுக்கு உனக்கு ஏழாம் மாதம், டாக்டர் பயணம் கூடாது என்றார். அடுத்ததற்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த பொங்கல் வருவதற்குள் அப்பாவுக்கு வாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன.

நீ கைப்பிள்ளையோடு ஓடிவந்து ஒரு வாரம் இருந்தாய். நீ கிளம்புகிற அன்றைக்கு நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ வாசலில் அழுதுகொண்டு நின்றாய். உள்ளே அப்பாவும் அழுதுகொண்டிருந்தார். காரைத் துண்டு கட்டிலில் கிடந்தது. காட்டிவிட்டார், நீ புரிந்துகொண்டாய் என்றே நான் நினைத்தேன். அவர் போன பிறகு இத்தனை நாளும் அந்த ஆறுதலோடுதான் இருந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமைதானே நீ சொன்னாய். அவர் இடது கையால் துண்டை எடுத்து உன் கையில் வைத்து அழுத்தினார். அதில் சிப்பி இருப்பதைப் பார்த்ததும், சாகக் கிடக்கும்போதும் கடல் என்கிறாரே என்று நீ நினைத்துக்கொண்டாய். "நீங்க சொன்னதுதான் சரிப்பா, இங்கன கடல் இருந்துச்சுப்பா" என்று சொன்னாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கட்டிலில் கையால் அடித்தார். மனசில்லாமல் சொல்லுகிறாய் என்று கண்டுபிடித்துக் கோபப்படுகிறார் என்று நினைத்து நீ வெளியே வந்துவிட்டாய்.

செண்பகம், அது மடையிலிருந்து எடுத்த காரை. அவர் இல்லை, இல்லை என்று தலையாட்டியது உன் பொய்க்கு. நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு கைதான் மிச்சமிருந்தது. உன்மேல் தப்பில்லை. பேச முடியாமல் கிடக்கிற அப்பாவிடம் எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். ஆனால் ஒன்றை மட்டும் இனி நினைவில் வை. உன் பிள்ளையானாலும், புருசனானாலும், பாவம் என்று நினைத்து யாருக்கும் ஒத்துக்கொள்ளாதே. அவர்களை நம்பி உண்மையைச் சொல். கசந்தாலும் விழுங்கிக்கொள்வார்கள். உன் அப்பா விழுங்கினார்.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். உடம்புக்கு முடியவில்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றால் விடு. அப்பா உன்னை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக விடாதே.

நேற்று பஸ் ஸ்டாண்டில் எப்போதும்வென்றான் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர்கள் சொல்லித்தான் இது எனக்கே தெரியும். வாதம் வருவதற்குக் கொஞ்சநாள் முன்னால் அப்பா அங்கே போயிருக்கிறார். முன்பு அவர் கொடுத்த சிப்பிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். வகுப்பில் நின்று, பிள்ளைகளே, நான் உங்களிடம் இது கடல் தரை என்று சொன்னேன், அது தப்பு, இது சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுவந்த சிப்பி, என் மகள் கண்டுபிடித்தாள் என்று சொன்னாராம். ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, "அப்ப எங்க கிணத்துத் தண்ணி ஏன் தாத்தா கரிக்கி?" என்று கேட்டிருக்கிறது. அதற்கு அப்பா, "எனக்குத் தெரியாதும்மா. எம் மக வருவா, அவகிட்டக் கேளு" என்றாராம்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாவது படிக்கிறதாம். உங்க மக எப்ப வருவா என்று டீச்சரம்மா கேட்டார்கள். வருவாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அம்மா